உஷார்! அந்தக் குத்துவிளக்கை முதலில் திருப்பிப் பாருங்கள்

காரைக்குடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கையோடு முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போய்விட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். பழைய சாமான் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெரு அது. பித்தளை அண்டா, ஸ்வீடன் மங்குத் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஊறுகாய் ஜாடி, மரவை, ஐந்தறைப்பெட்டி, ஜரிகை ஒட்டிய ரவிவர்மா லட்சுமி என்று தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவும் மும்பை சோர் பஜாரும் இதே மாதிரிதான். உள்ளே நுழைந்துவிட்டால் வெறுங்கையோடு திரும்ப மனசு வராது.

தாராளமாகப் போங்கள், வாங்குங்கள். இடிபடும் வீட்டின் சாமான் காயலாங்கடையில் உருகிப் போவதைவிட உங்கள் கூடத்தில் இருப்பது எவ்வளவோ மேல். தலைமுறை தலைமுறையாக இந்த வியாபாரத்தை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விலையில் ஏமாந்தால் பணம்தான் போகும். கூடாத பொருளை வாங்கிவிட்டால் போலீஸ் வீட்டு வாசலுக்கு வரும். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

குவியலுக்குள் இருக்கும் ஆபத்து

இப்படிப்பட்ட சந்தையில் ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு கை மாறி வந்தது. வீடு இடிக்கும் காண்ட்ராக்டர் கொண்டுவந்தது ஒன்று, பழைய இரும்பு வியாபாரி போட்டது ஒன்று, கமிஷனுக்கு விற்றுத்தரச் சொல்லி யாரோ வைத்துவிட்டுப் போனது ஒன்று. ஒரே கூரைக்குள் பலபேர் சாமான் வைத்து விற்கும் கடைகளில், கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கே எது யாருடையது என்று தெரியாது. 'செட்டியார் வீட்டுச் சாமான், ஆச்சிக்கு வந்த சீர்' என்பதெல்லாம் சொல்வதற்கு நன்றாக இருக்கும். எந்த வீடு, யார் விற்றார், எப்போது விற்றார் என்று கேட்டால் பதில் வராது.

பதில் வராத பொருள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். பெரிய வீடுகள் பலவும் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. ஒருவர் மற்றவர்களைக் கேட்காமல் தூணையும் கதவையும் விற்றுவிட்டால் வழக்கு வாங்கியவர் வரை நீளும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு. பாதி விலைக்கு, பில் இல்லாமல், அவசர அவசரமாகத் தலையில் கட்டுகிறார்கள் என்றால் அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

எனவே குத்துவிளக்கோ சரவிளக்கோ மணியோ, விலை கேட்கும் முன் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பழைய வழக்கம். வீட்டுச் சாமான் என்றால் குடும்ப இனிஷியல் இருக்கும். கோயிலுக்குக் கொடுத்தது என்றால் சாமி பெயரும் 'இன்னார் உபயம்' என்ற எழுத்தும் இருக்கும். உபயம் என்று வெட்டிய பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அது கோயில் சொத்து. இன்னொன்றையும் கவனியுங்கள். சுற்றிலும் கறுத்துப் பழசாக இருக்கும் பித்தளையில் விரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் பளிச்சென்று, லேசாகப் பள்ளமாக, அரம் ஓடிய கோடுகளோடு இருக்கிறதா? அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. யாரோ அதை ராவி எடுத்திருக்கிறார்கள்.

சாமி சிலையா? கையை எடுங்கள்

1972-ல் வந்த தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1976-லிருந்து அமலில் இருக்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையும் ஓவியமும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட அரிய சுவடியும் அதன்படி தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும். கல், உலோகம், சுடுமண், தந்தச் சிற்பங்களை மட்டுமல்ல, மரச் சிற்பங்களையும் ஓவியங்களையும்கூடப் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். கஜலட்சுமி குடைந்த பழைய நிலை, தேரிலிருந்து கழன்ற மரப் பொம்மை ஆகியவற்றை வெறும் அலங்காரப் பொருள் என்று நினைத்து விலை பேசுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தனுப்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். தனியார் யாரும் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. புதுப் பொருள்தான், பழசு மாதிரி தெரிகிறது என்றால்கூட, 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு பெட்டி கட்டுங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது நடக்காது.

'பேப்பர் எல்லாம் பக்கா' என்று நீட்டினாலும் உடனே நம்பாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலில் திருடிய நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவைவிட்டுப் போய்விட்டது என்று ஜோடித்த பத்திரத்தைக் காட்டித்தான் விற்றார்கள். கோயிலில் முன்பே எடுத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022-ல் பத்து ஆண்டு தண்டனை கொடுத்தது. நிபுணர்கள் நிறைந்த கலைக்கூடத்தையே ஏமாற்றிய பத்திரம், ஞாயிற்றுக்கிழமை சாமான் பார்க்கப் போகிற நம்மை ஏமாற்றாதா?

தந்தச் சிமிழ், தந்தப் பிடி போட்ட கத்தி, புலி நகம், மான் கொம்பு எதையும் தொடாதீர்கள். 'தாத்தா காலத்துத் தந்தம்' என்ற சாக்கு செல்லாது. உரிமைச் சான்றிதழ் உள்ளவரும் வைத்துக்கொள்ளலாமே தவிர, விற்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தந்தத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

பழசாக்கிய புதுசு

சட்டச் சிக்கல் இல்லாத பொருளிலும் போலி ஏராளம். பளபளக்கும் பித்தளைக் குழலோடு, நாய்ப் படத் தகடு அடித்த கிராமபோன் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. புதுக் குழல், புது மரப்பெட்டி, வேறு ஏதோ பெட்டியிலிருந்து கழற்றிய மோட்டார் என்று ஒட்டுப்போட்டவை அவற்றில் பெரும்பாலும். பெட்டியைத் திருப்பித் திருகாணியைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ 1930-களில்தான் வந்தது. 'நூற்றைம்பது வருஷத்துப் பெட்டி'யில் அது இருந்தால் விற்பவரிடமே காட்டிக் கேளுங்கள். முதுகில் பிளைவுட் இருந்தாலும் அப்படியே.

வெண்கலத்தில் படிந்த பச்சையை ஈரத் துணியால் துடையுங்கள். துணியோடு வந்துவிட்டால் பெரும்பாலும் அது பூசிய பச்சை. கை பட்டுத் தேய்ந்த இடங்களையும் பாருங்கள். பிடியும் அடி விளிம்பும் தேயாமல், யாரும் தொடாத மூலை மட்டும் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி காசு' கம்பெனி அடித்ததே அல்ல. அதையே 'அரிசியை இழுக்கும் காசு' என்று லட்சக்கணக்கில் பேரம் பேசுகிற கும்பல் இருக்கிறது. இரிடியம் கலசம் என்று சொல்லிச் செம்புச் சொம்பை விற்பதும் அதே கும்பல் வேலைதான். இரிடியம் என்ற உலோகம் உண்டு. அது அரிசியை இழுக்காது. உள்ளே காந்தம் ஒளித்து, அரிசியில் இரும்புத் தூளைச் சேர்த்தால் எந்தச் சொம்பும் இழுக்கும். அந்தப் பேச்சை எடுத்ததுமே கடையைவிட்டு வெளியே வாருங்கள்.

அடுக்களைக்குள் விடாதீர்கள்

இது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு மிக முக்கியம். ரசத்துக்கு ஈயச் சொம்பு தேடிப் போகிறவர்கள் பலர். ரசம் வைப்பது வெள்ளீயத்தில், காரீயம் விஷம். புளியும் தக்காளியும் சேர்ந்து கொதித்தால் காரீயம் கரைந்து இறங்கும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா, வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது காரீயம். விழாவிட்டாலும் கலப்படம் இருக்கலாம். பரிசோதிக்காத பழைய சொம்பை அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

மங்குச் சாமானிலும் அந்தக் காலத்து நிறப்பூச்சில் காரீயமும் காட்மியமும் சேர்த்ததுண்டு. பூச்சு உதிர்ந்ததில் சாப்பாடு வைக்காதீர்கள், அலமாரியில் அழகுக்கு வையுங்கள். பித்தளை என்றால் வெள்ளீயம் பூசாமல் சமைக்காதீர்கள். மரச் சாமானைத் தட்டிப் பாருங்கள். சிறு துளையிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. வீட்டுக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அது பரவும்.

பில் வேண்டும்

எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். 'பழைய விளக்கு 1' என்று எழுதிக் கொடுத்தால் போதாது. என்ன பொருள், எந்த உலோகம், உயரம், எடை, எத்தனை வருஷத்தது, யாரிடமிருந்து வந்தது, கடைப் பெயர், தேதி எல்லாம் வேண்டும். வாயால் 'நூறு வருஷம்' என்கிறவர் எழுத்தில் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். அடியில் இருக்கும் எழுத்தையும் சேர்த்து அங்கேயே போட்டோ எடுத்துவையுங்கள்.

சந்தேகத்துக்கு இடமான சிலையைப் பார்த்தால் கடைக்காரரோடு வாக்குவாதம் வேண்டாம். 'மீட்டுத் தருகிறேன்' என்று பணம் கொடுத்து வாங்கவும் வேண்டாம். கடை இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறையின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றால் மறைக்காமல், வேறு யாருக்கும் தள்ளிவிடாமல், பில்லோடு நீங்களே போய்த் தெரிவியுங்கள். தேடி வந்து கேட்கும்போது பதில் சொல்வதைவிட, கேட்கும் முன் நீங்களே சொல்வதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு, அந்தக் கோயிலுக்கும் நல்லது.