தீவுக்குக் கப்பலா, விமானமா?

கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்ஸிலிருந்து சாண்டோரினித் தீவுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம். சாதாரணக் கப்பலில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், விமானமே மேல் என்று உடனே முடிவு கட்டிவிடுவார். ஆனால், பிரயாண நேரம் என்பது வாகனம் ஓடும் நேரம் மட்டுமன்று. தில்லியிலும் மும்பையிலும் வாழ்ந்து, விடுமுறைதோறும் சொந்த ஊர் சென்று திரும்பும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏதென்ஸ் விமான நிலையம் நகருக்குக் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரில் தங்கியிருப்பவர் அங்கே போய்ச் சேர ஒரு மணி. முன்கூட்டிச் சென்று சோதனைகளை முடித்துக் காத்திருக்க ஒன்றரை மணி. தீவில் இறங்கிப் பெட்டியைப் பெற அரை மணி. ஆக, முக்கால் மணிப் பிரயாணம் ஏறத்தாழ நான்கு மணியாகிவிடுகிறது. பிரேயஸ் துறைமுகமோ நகரை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஐந்து மணி நேர அளவில் தீவை அடையும் விரைவுக் கப்பல்களும் கோடையில் அங்கிருந்து புறப்படுகின்றன. எனவே நகரில் தங்குவோருக்கு வேறுபாடு நினைப்பதைவிடக் குறைவு. இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவுடனேயே தீவுக்குச் செல்ல விரும்புவோருக்கு, அதே நிலையத்தில் விமானம் மாறுவதே சௌகரியம்.

கப்பலுக்கென்று ஒரு தனிச் சிறப்பும் உண்டு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, இத்தீவின் நடுப்பகுதி கடலுள் அமிழ்ந்தது. அவ்வாறு உண்டான பெரும் பள்ளத்தினுள்ளேயே கப்பல் நுழைகிறது. சுமார் 300 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரையும், அதன் உச்சியில் வரிசையிட்ட வெள்ளை வீடுகளையும் சாதாரணக் கப்பலின் திறந்த மேல்தளத்தில் நின்றே காணலாம். விரைவுக் கப்பல்களிற் பலவற்றில் பிரயாணிகள் உள்ளேயே அமர்ந்திருக்க வேண்டும்.

இனி, காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 'மெல்டெமி' என்னும் வடகாற்று ஈஜியன் கடலில் வீசும். வானம் தெளிந்திருக்கும், கடலோ கொந்தளிக்கும். காற்றின் வேகம் வரம்பை மீறினால் அதிகாரிகள் கப்பல்களைப் புறப்பட விடுவதில்லை. விரைவுக் கப்பல்களே முதலில் நிற்கும். பெரிய கப்பல்கள் கூடுதற் காற்றைத் தாங்கும். கடுங்காற்றில் விமானங்களும் தாமதமாகக்கூடும்.

போகும்போது ஒரு நாள் தாமதமானால், தீவில் தங்கும் நாட்களில் ஒன்று குறையும், அவ்வளவே. திரும்பும்போது தாமதமானால், தாய்நாட்டுக்குப் புறப்படும் விமானமே தவறிவிடும். பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய பிரயாணச் சீட்டும் வீணாகலாம். ஆகையால், போகும்போது பகற்கப்பலில் கடலைக் கண்டு செல்லுங்கள். திரும்புவது எதில் ஆயினும், தாய்நாட்டுக்குப் புறப்படும் நாளுக்கு முதல் நாளே ஏதென்ஸ் வந்து சேர்ந்துவிடுங்கள். அந்த ஓர் இரவுக்கு ஆகும் விடுதிச் செலவு, மனநிம்மதிக்குக் கொடுக்கும் மிகச் சிறிய விலையே ஆகும்.