கம்பிக்கு உறை கொடுத்த தோட்டங்கள்

உலகத்தின் மின்கம்பிகளைப் போர்த்திய ரப்பர், நெகிரி செம்பிலான் பால்மரக் காடுகளிலிருந்தும் போனது. அதை வடித்துக் கொடுத்தவர்களின் லயத்து வீட்டுக்கு வெளிச்சம் பிந்தித்தான் வந்தது. வந்த வெளிச்சம் பத்திரமான கம்பியில்தான் ஓடுகிறதா?

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் 1891ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை திறந்தபோது இந்தப் பக்கத்தில் பால்மரத் தோட்டங்கள் இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளில் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. சிலியாவ், சூவா பெத்தோங், பிராட்வெல், கொம்போக், லாபு, கெர்பி, இன்னும் உள்ளே போனால் பகாவ் பக்கம் கெடிஸ், ஜெராம் பாடாங், கெமஞ்சே பக்கம் ரீஜண்ட் என்று தோட்டங்கள் பெருகின. இன்று அவற்றில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் அடுக்கு வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் நிலைத்திருக்கிறது.

இந்தத் தோட்டங்களில் காய்ந்த ரப்பர் தகடுகள் கப்பலேறி டயராகின என்பதை எல்லோரும் அறிவோம். அதே ரப்பர் மின்கம்பிகளுக்கு மேலுறையாகி வீடுகளிலும் ஆலைகளிலும் கப்பல்களிலும் வெளிச்சத்தைச் சுமந்து சென்றதை அதிகம் பேசுவதில்லை. அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். அதன் கடைசி அத்தியாயம் இன்னும் லயத்துச் சுவர்களில்தான் எழுதப்பட்டு வருகிறது.

மரப்பால் கேபிளான கதை

மின்சாரத்துக்கும் மலாயாவின் மரங்களுக்கும் உள்ள உறவு ரப்பருக்கும் முந்தையது. மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால் இறுகினால் கட்டாபெர்ச்சா கிடைக்கும். 1843இல் வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் அதை லண்டனுக்கு அனுப்பி அறிமுகப்படுத்தினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீர் உள்ளே புகாது. 1847இல் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் அதைச் செம்புக் கம்பியின் மீது அழுத்திப் பூசும் இயந்திரத்தை உருவாக்கினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடித் தந்திக் கம்பி பதிக்கப்பட்டது. 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்தும் நிலைத்தது. அந்தக் கம்பிகளின் உறை கட்டாபெர்ச்சா. அதற்காகத் தாபான் மரங்களை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். சில பத்தாண்டுகளில் தீபகற்பத்தில் அந்த மரம் அருகிப்போனது.

வெட்டிச் சாய்க்காமல், பட்டையைக் கீறியே ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கக்கூடிய மரம் பிரேசிலிலிருந்து வந்தது. ஹென்றி விக்காம் 1876இல் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பால் வெட்டும் முறையைச் செப்பனிட்டார்.

தனி ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அப்படிப் பதப்படுத்திய ரப்பர்தான் மின்விளக்கு வீட்டுக்குள் வந்த காலத்தில் வயரிங்குக்கு ஏற்ற உறையானது. வளைத்தால் வளையும், மின்சாரத்தைக் கடத்தாது, சுவர் மூலையில் திருப்பினாலும் வெடிக்காது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கந்தகம் செம்பை அரிக்கும். ஆகவே செம்புக் கம்பிக்கு முதலில் ஈயம் பூசுவார்கள். நாம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதே வெள்ளீயம்தான். அதற்கு மேல் ரப்பர், ரப்பருக்கு மேல் துணி நாடா, அதற்கும் மேல் பருத்தி நூல் பின்னல். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரிட்டிஷ் ஆட்சி இருந்த இடங்களில் சுவரில் பரவலாக ஓடிய வயர் இதுதான்.

விடியும் முன் தொடங்கிய வேலை

அந்த உறையின் மூலப்பொருள் எப்படி வந்தது? இருட்டு விலகும் முன்பே பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். அதிகாலையில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏறினால் பால் குறையும். அதனால்தான் அந்த அவசரம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தாக் காட்டுக்குள் நடந்து, உளியால் பட்டையை மெல்லச் சீவி, வழியும் பாலை மங்கில் பிடித்து, பிறகு வாளியில் சேர்த்துச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கு அமிலம் சேர்த்துப் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கொட்டகையில் நாள்கணக்கில் காய வைப்பார்கள்.

இந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்ப்புக்குத் தடை போட்டதோடு அந்த வருகை நின்றது. ஆனால் உலகத்தின் வயர்களுக்கு உறை கொடுத்த அந்த மக்களின் வீடுகளில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. தோட்டத்துக்கு ஜெனரேட்டர் வந்தபோதும் வெளிச்சம் முதலில் ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் போனது. லயத்துக்கு வந்தபோது பல இடங்களில் மாலையில் சில மணி நேரம்தான். இரவு குறித்த நேரத்துக்கு மின்சாரம் நிற்கும், பிள்ளைகளின் படிப்பும் அதோடு நிற்கும். 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமானது, 1990இல் தெனாகா நேஷனலாக மாறியது. பொது மின்கம்பம் தோட்டத்து மண்சாலையைத் தொட இத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

மரத்தை விட்டு விலகிய ரப்பர்

1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மேற்கு நாடுகளுக்கு மலாயா ரப்பர் நின்றுபோனது. செயற்கை ரப்பரும் பிவிசி பிளாஸ்டிக்கும் அந்த இடத்தைப் பிடிக்கப் போர் வழி திறந்தது. போருக்குப் பிறகு சுவர் வயரிங்கில் பிவிசி நிலைத்துவிட்டது. விலை குறைவு, எளிதில் தீப்பற்றாது, நீண்டகாலம் தாங்கும்.

மரத்து ரப்பருக்கு வயதானால் ஒரு குறை வரும். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்திருக்கின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அவற்றைத் தாக்கும். சூடும் சேர்ந்தால் உறை காய்ந்து, மொறுமொறுத்து, கைபட்டாலே உதிரும். கூரை விளக்குக்கு மேலே போகும் வயரில் இது சீக்கிரமே நடக்கும், ஏனென்றால் பல்பின் சூடு மேல்நோக்கியே போகிறது.

இன்று கடையில் ரப்பர் கேபிள் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர். உள்ளுறைக்கு எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர், வெளியுறைக்குக் குளோரோபிரீன். முதலாவதன் முதுகெலும்பில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோன் அதை எளிதில் தீண்டாது. இரண்டாவது எண்ணெய், வெயில், மழை ஆகியவற்றைத் தாங்கும். சிலிக்கோன் ரப்பர் உறை 180 டிகிரி வெப்பத்திலும் வேலை செய்யும். 450/750 வோல்ட் வரையிலான ரப்பர் கேபிள்களுக்கு ஐஇசி 60245 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. ஐரோப்பியக் குறியீட்டில் எச்07ஆர்என்-எஃப் என்று அச்சிட்டிருக்கும் கறுப்பு கேபிள் இந்தக் குடும்பத்தில் அதிகம் புழங்குவது.

எங்கே பொருத்தலாம், எங்கே கூடாது

நெகிழும் கேபிள் என்றால் பிளக்கில் மாட்டி இழுத்துச் செல்வதற்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நிரந்தரமாகப் பொருத்தும் இடங்களிலும் அதற்கு வேலை உண்டு. தோட்டத்தில் அந்த இடங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. ஆற்றோரத் தண்ணீர் பம்பின் மோட்டார் ஓடும்போது அதிரும். திடமான செம்புக் கம்பியை அதில் நேரே இணைத்தால், அதிர்வில் நாளடைவில் முறியும் அல்லது திருகாணி தளரும். பல மெல்லிய இழைகளால் முறுக்கிய கேபிள் அந்த அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்தின் சூட்டுக்கு சிலிக்கோன் உறை பொருந்தும். ஈரமும் எண்ணெயும் படியும் தரையருகே குளோரோபிரீன் உறை பொருந்தும்.

மாரியம்மன் கோயில் திருவிழாவும் இதில் சேரும். ஜெனரேட்டரிலிருந்து பந்தலுக்கும் தேருக்கும் ஒலிபெருக்கிக்கும் கம்பி போகிறது. மழை பெய்கிறது, சனம் மிதிக்கிறது, தீமிதிக்குப் பிறகு தண்ணீர் கொட்டுகிறது. அந்த இடத்தில் கறுப்பு ரப்பர் உறைக் கேபிள் போடாமல் மெல்லிய பிளாஸ்டிக் வயரை இழுப்பது பக்தர்களின் உயிரோடு விளையாடுவது.

ஆனால் நல்ல கேபிள் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. மெல்லிய இழைகளைத் திருகாணிக்குள் அப்படியே திணித்தால் பாதி இழைகள் வெளியே நிற்கும். முனையில் உலோகக் குழல் மாட்டி அழுத்தி, பிறகு திருக வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இறுக்கும் கிளாண்டு வேண்டும், இழுத்தாலும் இணைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அடிபடும் இடத்தில் குழாய்க்குள் போக வேண்டும். சுவருக்குள் வெறுமனே புதைத்துச் சாந்து பூசக் கூடாது. இணைப்பு தளர்ந்தால் அங்கேதான் சூடு பிறக்கும், அங்கேதான் தீ பிடிக்கும்.

லயத்து வீட்டில் நடப்பது

பழைய லயத்து வீடு ஒன்றிரண்டு பிளக் பாயிண்டுகளோடு கட்டப்பட்டது. அன்று ஒரு பல்பு, ஒரு வானொலி. இன்று சோறு வடிக்கும் குக்கர், குளிர்பெட்டி, வாஷிங் மெஷின், மின்விசிறி, கைப்பேசி என எல்லாம் அந்த ஒரு பாயிண்டிலிருந்தே கிளை விடுகின்றன. எக்ஸ்டென்ஷன் வயர் கதவிடுக்கில் நுழைந்து, ஆணியில் தொங்கி, கூரைக்கடியில் ஓடி, சில ஆண்டுகளில் அதுவே வீட்டின் நிரந்தர வயரிங் ஆகிவிடுகிறது.

இதன் ஆபத்தைக் கணக்காகவே பார்க்கலாம். 0.75 சதுர மில்லிமீட்டர் நெகிழ் வயர் தாங்கும் மின்னோட்டம் சுமார் 6 ஆம்பியர். அதில் 2,000 வாட் கெட்டிலையும் 1,200 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாகப் போட்டால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 14 ஆம்பியர் ஓடும். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் அது தாங்கும் அளவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸ் 14 ஆம்பியருக்கு உடனே உருகாது. பியூஸ் காப்பாற்றும் என்று நம்பியிருக்கும் நேரத்தில் உறை இளகத் தொடங்கியிருக்கும். பலகைச் சுவர், மரக்கூரை, பக்கத்துப் பக்கத்து வீடு என்று இருக்கும் லயத்தில் ஒரு வீட்டின் தீ வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை தெரிந்ததுதான். எலிக்காகவே கூகைகளை வளர்க்கும் தோட்டங்கள் இந்த நாட்டில் உண்டு. கூரையில் ஓடும் வயரின் உறையை எலி கடித்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. மழை ஒழுகும் நாளில்தான் தெரியவரும்.

சட்டம் சொல்வது

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1990இல் அதன் இடத்தில் வந்த 446ஆம் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தர வேண்டும், கட்டடத்தைப் பழுதில்லாமல் பேண வேண்டும் என்கிறது. உறை உதிர்ந்த வயர் ஓடும் வீட்டைப் பழுதில்லாத வீடு என்று எப்படிச் சொல்வது?

வயரிங் யார் செய்யலாம் என்பதையும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் மேற்பார்வை செய்து ஜி பாரத்திலும், சோதித்து எச் பாரத்திலும் கையெழுத்திட வேண்டும். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிடி கருவியும் வேண்டும். கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியர், தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10 மில்லியாம்பியர் என்பது விதி.

கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றாது. வீட்டில் நூல் பின்னல் போட்ட பழைய வயர் இருந்தால் நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டாம், வயர்மேனை அழையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை எண்ணி, அதன் எண்ணிக்கை அளவுக்குப் புது பிளக் பாயிண்ட் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி தொழிற்சங்கத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போகட்டும். கோயில் நிர்வாகமும் பள்ளி வாரியமும் புது வயரிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த இரண்டு பாரங்களையும் கேட்டு வாங்கட்டும்.

இன்று இந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். நம் பாட்டன்மார் படுத்த அதே லயங்களில் அவர்கள் படுக்கிறார்கள். மின்சாரத்துக்கு ஊர் தெரியாது, ஆகவே இந்தக் கோரிக்கையை அவர்களுக்கும் சேர்த்தே வைக்க வேண்டும். பழைய வயரை மாற்றச் சொல்வது தோட்ட நிர்வாகத்திடம் தயவு கேட்பதல்ல. சட்டம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்து வைத்திருக்கும் உரிமையைக் கேட்டு வாங்குவது.