பெயரும் வர்க்கமும்: ருஷிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பற்றிய ஒரு குறிப்பு

பெயரிடும் அதிகாரம் எவரிடம் உளதோ அவரது உலக நோக்கே பெயரிலும் பதிகின்றது. ருஷிய நீர்மூழ்கிக் கப்பல்களின் பெயர் வரலாறு இதனைத் துலக்கமாகக் காட்டுகின்றது.

சார் ஆட்சியின் இறுதிக் காலத்திற் கட்டப்பெற்ற ‘பார்ஸ்’ வகைக் கப்பல்கள் பெரும்பாலும் விலங்குகளின் பெயர்களையே தாங்கின. 1919 ஆகஸ்ட் 31இல் பின்லாந்து வளைகுடாவில் ‘விற்றோரியா’ என்னும் பிரித்தானிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்த கலத்தின் பெயர் ‘பன்தேரா’, அதாவது கருஞ்சிறுத்தை. புரட்சியைக் காத்த கலம் பெயரளவிற் பழைய உலகையே சார்ந்திருந்தது. 1922 டிசம்பர் இறுதியிலேதான் மாற்றம் நிகழ்ந்தது. பன்தேரா ‘கொமிசார்’ ஆயிற்று. புலி ‘கொம்யூனார்’ ஆயிற்று. ஓநாய் ‘பத்ராக்’ ஆயிற்று. பத்ராக் எனின், பிறர் நிலத்திற் கூலிக்கு உழைப்பவன். மன்னரையும் தளபதியரையும் கப்பற் பெயர்களாகக் கண்டு பழகிய உலகில், கூலி விவசாயி ஒருவனைப் போர்க்கலத்தின் பெயராக்கிய செயலை நாம் எளிதிற் கடந்துசெல்ல முடியாது.

1927இற் கட்டத் தொடங்கப்பெற்ற முதற் சோவியத் நீர்மூழ்கிகளின் பெயர்கள் இன்னும் விரிந்த வரலாற்றுணர்வைக் காட்டுவன. டிசம்பர்வாதி, மக்கள் விருப்ப இயக்கத்தவன், செங்காவலன் என்பவற்றுடன் பிரான்சின் ஜாக்கோபினும் ஜெர்மனியின் ஸ்பார்ட்டக்கஸ் இயக்கத்தவனும் அவ்வரிசையில் இடம்பெற்றனர்.

ஆயின் 1934இல் இப்பெயர்கள் எழுத்தும் இலக்கமுமாகச் சுருங்கின. டிசம்பர்வாதி ‘டி-1’ ஆனான். கொமிசார் ‘பி-2’ ஆனான். முற்போக்காளராகிய நாம் இவ்விடத்தில் நேர்மையுடன் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். புரட்சியின் சொற்களை முதலில் அகற்றியவர் புரட்சியின் பகைவர் அல்லர். அது சோவியத் அரசின் நிர்வாக இயந்திரமே. பின்னர் பெயர் என்பது ஒரு வெகுமதியாகத் திரும்பி வந்தது. 1962இல் வடதுருவத்தை அடைந்த ‘கே-3’ அவ்வாண்டிலேயே ‘லெனினிய கொம்சொமோல்’ எனப் பெயர் பெற்றது.

சோவியத் ஒன்றியம் சரிந்ததன் பின்னர் நிகழ்ந்த பெயர்மாற்றங்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் 26ஆவது மாநாட்டின் பெயரைத் தாங்கிய ‘கே-51’, 1999இல் மடாலயங்களாற் புகழ்பெற்ற ஊரல் பகுதி நகரான ‘வெர்கொத்தூரியே’யின் பெயரைப் பெற்றது. 2004இல் இன்னொரு கலம், தனக்கு ஆதரவளித்த வைரக் கம்பனியின் பெயரால் ‘அல்றோசா’ எனப்பட்டது. கூலி விவசாயியின் பெயரிருந்த கடற்படையில் கம்பனியின் பெயர்! 1990 முதல் 1993 வரை சேவையிற் சேர்ந்த அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கோ பன்தேரா, ஓநாய், சிறுத்தை, புலி எனப் பழைய விலங்குகளின் பெயர்களே மீண்டும் சூட்டப்பட்டன.

‘மக்கள் விருப்ப இயக்கத்தவன்’ இன்று சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நூதனசாலையாக உள்ளது. 1991இல் லெனினின் பெயரைக் களைந்த அந்நகரில், 1881இற் சார் மன்னனைக் கொன்ற இயக்கத்தின் பெயரும் ‘டி-2’ என்ற இலக்கமும் அந்நூதனசாலையின் பெயரில் ஒருங்கே நிற்கின்றன.