உஷார்! மார்க் வருகிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே, இது உங்களுக்குத்தான்.

ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக் குறைபாட்டுக்கு நிறபேதம் கிடையாது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஆய்வாளர் பால் மார்கன் குழுவினர் 17,100 பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை கவனித்து, 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். குடும்ப வருமானம், படிப்பு, வகுப்பில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் ஒன்றுபோல இருந்தும், வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்தக் குறைபாடு கண்டறியப்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவு. ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்கு 50 சதவீதம். கண்டறிந்த பிறகும் மாத்திரை கிடைப்பதில் அதே ஓரவஞ்சனை.

அப்படியானால் துறுதுறுவென்று திரியும் கறுப்பினப் பையன் எங்கே போகிறான்? பெரும்பாலும் பிரின்சிபால் அறைக்கு. 2013-14 அரசுக் கணக்குப்படி, அரசுப் பள்ளிகளின் ப்ரீஸ்கூல் பிரிவில் கறுப்பினக் குழந்தைகள் 19 சதவீதம்; சஸ்பெண்ட் ஆனவர்களில் 47 சதவீதம். நான்கு வயதுப் பிள்ளைக்கு சஸ்பென்ஷனாம்!

'நமக்கென்ன?' என்கிறீர்களா? 2021-இல் வெளியான இன்னொரு ஆய்வு, இன்ஷூரன்ஸ் உள்ள 2,38,000 பிள்ளைகளைப் பார்த்தது. கண்டறிவதில் கடைசி இடம் ஆசியர்களுக்கு. வெள்ளையரில் ஏறக்குறைய பாதிதான். இன்ஷூரன்ஸ் இல்லை என்ற சாக்கும் இங்கே செல்லாது.

நம் வீட்டுக் கதை வேறு. கணக்கில் முதல் இரண்டு வரி சரியாக இருக்கும், மூன்றாவதில் கழித்தல் குறி காணாமல் போயிருக்கும். ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முடிக்கவைத்த ஹோம்வொர்க், கொடுக்கப்படாமல் ஒரு வாரமாகப் பையிலேயே கசங்கிக் கிடக்கும். டியூஷனும் அதட்டலுமாக எப்படியோ 'பி பிளஸ்' வந்துவிடும். டீச்சருக்குப் புகார் இல்லை, அப்பாவுக்கு 'சோம்பேறி' என்ற பட்டம் கையில் ரெடி. சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையை யாருமே கவனிப்பதில்லை.

அதற்காகத் துள்ளுகிற பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டி, ஆறு மாதத்துக்கு மேல், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தொல்லை தந்தால்தான் டாக்டர் அப்படிச் சொல்வார். பரிசோதனைக்குப் போனாலே மாத்திரையைத் திணித்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் தொடங்காது.

சந்தேகம் இருந்தால் குழந்தை டாக்டரிடம் வாயைத் திறந்து கேளுங்கள். வீட்டுக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று என்று கேள்விப் படிவம் தரச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால், பிள்ளையை மதிப்பிடக் கோரித் தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள். மறுத்தால், ஏன் என்று அவர்கள் எழுத்தில் சொல்லியாக வேண்டும்; அது சட்டம். கடிதத்துக்கு நகல் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.