அளந்து தரப்படும் அச்சம்: அயர்லாந்தின் ஹாலோவீன் விடுமுறை

ஐரோப்பாவின் பருவ விழாக்கள் – 9

அயர்லாந்துக் குடியரசில் அக்டோபர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை 1977ஆம் ஆண்டு முதல் பொது விடுமுறையாக இருந்துவருகிறது. அதையொட்டிப் பள்ளிகளும் ஒரு வாரம் மூடப்படுகின்றன. அதே மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படுவதால், அதற்கு முந்தைய நாட்களில் ஆறு மணியளவில் மறைந்துகொண்டிருந்த சூரியன், 31ஆம் தேதி டப்ளின் நகரில் மாலை 5 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஒரு வார ஓய்வு, பெற்றோருக்கு நீண்ட வார இறுதி, உறங்கும் நேரத்துக்கு வெகு முன்னரே வந்துவிடும் இருட்டு ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இந்த நாட்களில்தான் அந்நாட்டுக் குடும்பங்கள் ஹாலோவீன் உலாக்களுக்குப் புறப்படுகின்றன. பேய்களுக்கு உரியதென்று கருதப்படும் ஓர் இரவு, சிறு குழந்தைகளின் திருவிழாவாக நிலைபெற்றது எவ்வாறு என்ற கேள்விக்கு அயர்லாந்து தரும் விடையே இப்பகுதியின் பொருள்.

ஹாலோவீன் என்பது நவம்பர் 1 அன்று திருச்சபை கொண்டாடும் புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தைய இரவு. அதற்கு மறுநாளான நவம்பர் 2, தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று போற்றும் நாள். ஐரிஷ் மரபில் இதே நவம்பர் முதல் நாள் சௌவின் எனப்பட்டது. மேய்ச்சல் நிலங்களிலிருந்து கால்நடைகள் தொழுவத்துக்குத் திரும்ப, அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள் அது. ஆண்டை நான்காகப் பகுத்த நான்கு பெருநாட்களுள் ஒன்று. அந்த இரவில் இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலுள்ள கதவு திறந்துவிடுகிறது என்ற நம்பிக்கை இடைக்கால ஐரிஷ் இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. சுற்றுலாக் கையேடுகள் இதனை இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையுள்ள கெல்டியப் புத்தாண்டு என்று தயக்கமின்றி எழுதுகின்றன. ஆனால், பிரிட்டனின் வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் போன்றோர், சான்றுகள் பெரும்பாலும் கிறித்தவ இடைக்காலத் துறவியர் எழுதியவை என்பதையும், புத்தாண்டு என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜான் ரீஸின் ஊகத்தில் வேர்கொண்டது என்பதையும் எடுத்துக்காட்டியுள்ளனர். தொடக்கக் கால ஐரிஷ் திருச்சபை புனிதர் அனைவர் விழாவை ஏப்ரல் மாதத்தில் கொண்டாடியதற்குக் குறிப்பு இருப்பதால், பழைய சமய விழாவை மறைப்பதற்காகவே நவம்பர் 1 தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற பரவலான கூற்றும் அயர்லாந்தைப் பொறுத்தவரை வலுவிழக்கிறது. விழாவின் மதிப்பு இதனால் சிறிதும் குறைவதில்லை. உறுதியாக அறியப்படும் சில நூற்றாண்டுகளே போதுமான செல்வத்தைத் தம்முள் கொண்டுள்ளன.

அந்தச் செல்வத்தின் பெரும்பகுதியைத் தொகுத்தவர்கள் பிள்ளைகளே. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் நாட்டின் 26 மாவட்டங்களில் நடத்திய பெருந்திட்டத்தில், ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்கள் தத்தம் வீட்டு முதியவர்களிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்த கதைகளையும் வழக்கங்களையும் குறிப்பேடுகளில் எழுதினர். பள்ளித் தொகுப்பு என்று அறியப்படும் அந்த ஆவணம் 7 லட்சம் பக்கங்களுக்கும் மேற்பட்டது. பருவ விழாக்கள் பற்றிய பகுதிகளில் ஹாலோவீன் இரவு திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. அச்சமூட்டும் கதைகளைக் கேட்க மட்டுமே பிள்ளைகளுக்கு இடமுண்டு என்றில்லாமல், அவற்றைக் காத்துக் கையளிக்கும் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது இந்த விழாவின் இயல்பையே விளக்கும் செய்தி.

வீட்டு வழக்கங்களில் அச்சம் எப்போதும் சிறு சிறு அளவுகளாகவே வந்தது. பார்ம்பிராக் என்பது தேநீரில் ஊறவைத்த உலர் திராட்சைகளைச் சேர்த்துச் செய்யப்படும் பழ ரொட்டி. அதனுள் மோதிரம், நாணயம், கந்தைத் துணித் துண்டு, பட்டாணி, குச்சி ஆகியவற்றை மறைத்துவைத்துச் சுடுவர். துண்டு போடும்போது மோதிரம் வந்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம், நாணயம் வந்தவருக்குச் செல்வம், கந்தை வந்தவருக்கு வறுமை, பட்டாணி வந்தவருக்கு அவ்வாண்டு திருமணமில்லை, குச்சி வந்தவருக்குச் சண்டை நிறைந்த மணவாழ்வு என்று பொருள் கொள்ளப்பட்டது. இன்று கடைகளில் விற்கும் பார்ம்பிராக்கில் பெரும்பாலும் மோதிரம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வறுமையும் சண்டையும் நீங்கிவிட்டன. உருளைக்கிழங்கையும் கேல் கீரையையும் மசித்து வெண்ணெய் சேர்க்கும் கால்கேனன் என்ற உணவிலும் தாளில் சுற்றிய நாணயங்கள் பிள்ளைகளுக்காக ஒளித்துவைக்கப்பட்டன. மற்றொன்று ஆப்பிள் கவ்வும் விளையாட்டு. குறுக்காகக் கட்டிய இரு குச்சிகளின் முனைகளில் ஆப்பிளையும் எரியும் மெழுகுவத்தியையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, கூரையிலிருந்து தொங்கவிட்டுச் சுழற்ற, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் ஆப்பிளைக் கவ்வ வேண்டும். தவறினால் முகத்தில் மெழுகு படும். கார்க் நகரில் பிறந்த ஓவியர் டேனியல் மக்லீஸ், பிளார்னி ஊரில் 1832இல் கலந்துகொண்ட ஒரு ஹாலோவீன் விருந்தை நினைவிற்கொண்டு 1833இல் தீட்டிய ஓவியம் இந்த விளையாட்டின் பெயரையே தாங்கியது. முதியவர், இளையோர், குழந்தைகள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் நெருக்கியடித்து நிற்கும் அக்காட்சியைப் பார்ப்பவருக்கு, இவ்விழா தொடக்கத்திலிருந்தே குடும்ப விழாவாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மெழுகுவத்தி பின்னர் கைவிடப்பட்டு, நூலில் தொங்கும் ஆப்பிள் மட்டும் இன்றைய பிள்ளைகளுக்கு எஞ்சியுள்ளது.

மேயோ மாவட்டத்தில் காசில்பார் நகருக்கு அருகில் டர்லக் பூங்காவில் அமைந்துள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வுப் பிரிவு, இந்த விடுமுறையில் குடும்பங்கள் முதலில் செல்லத்தக்க இடம். 2001இல் திறக்கப்பட்ட இக்காட்சியகத்தில் பேய் முகம் செதுக்கிய டர்னிப் விளக்கு ஒன்றின் சுண்ண வார்ப்பு இருக்கிறது. டோனிகால் மாவட்டத்தின் ஃபின்டவுன் ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர், அப்பகுதியில் அத்தகைய விளக்கைச் செய்வோர் அருகிவிட்டதால், ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட அதனை 1943இல் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். வற்றிச் சுருங்கிய கிழங்கில் வெட்டிய கண்குழிகளும் கோணல் பற்களும் கொண்ட அம்முகம், இன்றைய பரங்கிக்காய் விளக்கின் மலர்ந்த சிரிப்பைவிடப் பன்மடங்கு கொடியது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தையொட்டி அட்லாண்டிக்கைக் கடந்த லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவில் கண்ட பரங்கிக்காய், அளவில் பெரியது, குடைவதற்கு எளியது. கல்லைப் போன்ற டர்னிப்பைக் குடையப் பெரியவர்களின் கைவலிமை தேவைப்பட, பரங்கிக்காயைக் குழந்தையும் கரண்டியால் சுரண்டிவிட முடிந்தது. அந்தக் காய் இப்போது அமெரிக்க வழக்கத்துடன் அயர்லாந்துக்கே திரும்பி வந்துள்ளது. அக்டோபரில் பல மாவட்டங்களில் உழவர்கள் தம் வயலைப் பார்வையாளருக்குத் திறந்துவிட, பிள்ளைகள் சேற்றுக் காலணியுடன் இறங்கித் தமக்கான காயைத் தாமே பறித்து எடுத்துவருகின்றனர். இதனை அயல்வழக்கு என்று குறைகூறுவோர் உண்டு; ஆயினும், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடியைவிட, சேற்றில் கால்வைத்துப் பறித்து வீட்டு மேசையில் அமர்ந்து செதுக்கிய விளக்கு பழைய வழக்கத்துக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை.

தலைநகருக்கு வடமேற்கிலுள்ள மீத் மாவட்டம் இவ்விழாவின் நடுக்களம். அங்கு ஆத்பாய் ஊருக்கு அருகில் வார்ட் குன்று என்னும் சிறு மேடு உள்ளது. த்லக்டா என்பது அதன் பழைய ஐரிஷ் பெயர். சௌவின் இரவில் நாட்டின் அடுப்புகள் எல்லாம் அணைக்கப்பட்டு, இக்குன்றில் ஏற்றிய தீயிலிருந்தே மீண்டும் மூட்டப்பட்டன என்று 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதினார். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியலாளர்கள் 2014 முதல் இங்கே நடத்திய அகழாய்வுகள், வட்ட வட்டமான மண்கரைகள் பல காலகட்டங்களில் எழுப்பப்பட்டவை என்றும், அவற்றுள் மிகப் பழையது வெண்கலக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்றும் காட்டின. கீட்டிங் சொன்ன தீயை மண் உறுதிப்படுத்துமா என்பது வேறு கேள்வி. மக்கள் கூடிய இடமாக அக்குன்று நெடுங்காலம் விளங்கியது என்பது உறுதி. 2019இல் தொடங்கிய பூக்கா திருவிழா, இந்த மரபை அடிப்படையாகக் கொண்டு, ஆத்பாயிலும் டிரிம் நகரிலும் தீ ஏற்றல், ஊர்வலம், இசை, கதைசொல்லல் ஆகியவற்றை நடத்துகிறது. டிரிம் நகரிலுள்ள கோட்டை, அயர்லாந்தின் ஆங்கிலோ-நார்மன் கோட்டைகளுள் மிகப் பெரியது.

பூக்கா என்பது உருமாறும் ஓர் ஆவி. பெரும்பாலும் கருங்குதிரையாகத் தோன்றி, ஏறுவோரை இரவெல்லாம் அலைக்கழித்து இறக்கிவிடுமாம். சௌவின் இரவில் அது காட்டுக் கருப்பு நாவற்பழம் போன்ற பிளாக்பெர்ரிகளின்மீது துப்பிவிடும் என்றும், எனவே அதன் பின் அப்பழங்களைத் தின்னக் கூடாது என்றும் பிள்ளைகள் எச்சரிக்கப்பட்டனர். நவம்பர் ஈரத்தில் அழுகத் தொடங்கும் பழத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க இதைவிடச் சிறந்த கதை எளிதில் அமையாது. அதே வட்டாரத்திலுள்ள காஸி பண்ணை, இந்தப் பூக்காவின் பெயராலேயே சிறுவர்களுக்குப் பகல்நேர நிகழ்ச்சி ஒன்றையும், பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் இருட்டில் உண்மையாகவே நடுங்கவைக்கும் வேறொரு நிகழ்ச்சியையும் தனித்தனியே நடத்துகிறது. இப்பிரிவினை இன்று பெரும்பாலான இடங்களில் காணப்படும் நடைமுறை: நண்பகலில் குழந்தைகள், அந்தி சாய்ந்தபின் பெரியோர். மெழுகுவத்தியைச் சுழற்றிய தந்தை, மழலை வந்ததும் வேகத்தைக் குறைத்திருப்பார். அவர் கண்ணளவால் செய்ததை இன்றைய அமைப்பாளர்கள் வயது வரம்பாலும் நேர அட்டவணையாலும் செய்ய வேண்டியிருக்கிறது. பதிவு செய்யுமுன் பெற்றோர் அவ்வரம்பைக் கவனித்துப் படிப்பது மிகவும் தேவை. ஏழு வயதுக் குழந்தைக்கு இன்பமாக இருப்பது நான்கு வயதுக் குழந்தைக்குப் பல இரவுகளின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும்.

கட்டணமின்றிப் பார்க்கக்கூடியது டாரா குன்று. அங்குள்ள பிணைக்கைதிகளின் மேடு என்னும் புதிய கற்காலக் கல்லறையின் வழித்தடம், நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் எழும் சூரியனை நோக்கி அமைந்துள்ளது. மேற்கே ராஸ்காமன் மாவட்டத்தில் ராத்குரோகன் உள்ளது. காவிய அரசி மேவின் தலைநகராகச் சொல்லப்படும் இடம். அங்கே ஓவினகாட், அதாவது பூனைகளின் குகை, சௌவின் இரவில் கொடிய உருவங்கள் வெளிப்படும் வாயிலாக இடைக்கால நூல்களில் வருகிறது. முள்மரத்தடியில் மண்டியிட்டு நுழைய வேண்டிய ஒடுங்கிய, சேறு நிறைந்த வாயில் அது. டல்ஸ்க் ஊரிலுள்ள பார்வையாளர் மையத்தின் வழிகாட்டிகள் அழைத்துச்செல்கின்றனர். சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு இக்குகைக்கு இணையான பேய்வீட்டை எந்தக் கேளிக்கைப் பூங்காவும் கட்டிவிட முடியாது.

டப்ளினில் 2012 முதல் நடைபெறும் பிராம் ஸ்டோக்கர் திருவிழா, அந்நகரின் கிளான்டார்ஃப் பகுதியில் 1847இல் பிறந்து, 1897இல் டிராகுலா நாவலை வெளியிட்ட எழுத்தாளரின் நினைவாக அமைந்தது. ஏறத்தாழ ஏழு வயது வரை நோயினால் படுக்கையிலேயே கிடந்த ஸ்டோக்கருக்கு, ஸ்லைகோ நகரில் வளர்ந்த அவருடைய தாய் சார்லட், 1832இல் அந்நகரைச் சூறையாடிய காலரா பற்றித் தாம் கண்டவற்றைக் கதைகளாகச் சொன்னார். பின்னாளில் மகன் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதியும் கொடுத்தார். நம்பிக்கைக்குரிய ஒருவரின் குரலில் கேட்கப்படும் அச்சம் குழந்தையின் கற்பனையை என்ன செய்யவல்லது என்பதற்கு இதைவிட விளக்கமான எடுத்துக்காட்டு ஐரிஷ் இலக்கிய வரலாற்றில் அரிது. இத்திருவிழாவில் சிறுவர் விளையாட்டுத் திடலும் தெருக்காட்சிகளும் இடம்பெறுகின்றன. 1986இல் கால்வே நகரில் தொடங்கிய மக்னாஸ் என்னும் தெருநாடகக் குழு, வீடுகளின் மாடியுயரம் வரும் பொம்மை உருவங்களுடன் நடத்தும் ஊர்வலம் பல ஆண்டுகளில் இதன் உச்சமாக அமைந்தது.

எல்லைக்கு அப்பால், ஐக்கிய முடியரசின் பகுதியாகிய வட அயர்லாந்தில் டெர்ரி நகரம் 1986 முதல் நடத்தும் ஹாலோவீன் விழா, தீவிலேயே மிகப் பெரியது. ஆயுத மோதல்கள் நீடித்த ஆண்டுகளில், இரவில் வெளியே வருவதற்கே மக்கள் அஞ்சிய ஒரு நகரம், வேடமணிந்து வீதியை நிறைக்கும் உரிமையை இவ்விழாவின் வழியே மீட்டுக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மதில்மீது நடந்துகொண்டே ஒளிக்காட்சிகளைக் காண்பதும், இறுதியில் ஃபாயில் ஆற்றின் மேல் வாணவேடிக்கையைப் பார்ப்பதும் இங்குள்ள வழக்கம்.

வாணவேடிக்கை பற்றித் தமிழ் வாசகர் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. அயர்லாந்துக் குடியரசில் கம்பி மத்தாப்பு போன்ற எளிய வகைகள் தவிர்ந்த பட்டாசுகளை உரிமமின்றி வைத்திருப்பதும் வெடிப்பதும் குற்றம். 10,000 யூரோ வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் சட்டத்தை மீறிய வெடிகளும், குடியிருப்புகளின் திறந்த வெளிகளில் பழைய டயர்களையும் மரச்சட்டங்களையும் குவித்து எரிக்கும் பெருந்தீக்களும் நிற்கவில்லை. டப்ளின் தீயணைப்புப் படைக்கு ஆண்டிலேயே மிகுந்த வேலை தரும் இரவு இதுவே. ஊராட்சி அமைப்புகள் பொதுச் செலவில் ஏற்பாடு செய்யும் ஊர்வலங்களும் ஒளிக்காட்சிகளும் இத்தீக்களுக்கு மாற்றாகவும் அமைகின்றன. பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதுவோர் அவற்றை மனமார வரவேற்க வேண்டும்.

உலாக்கள் எல்லாம் பெரும்பாலும் 31ஆம் தேதிக்கு முன்னரே முடிந்துவிடுகின்றன. அந்த மாலையில் பிள்ளைகள் தத்தம் தெருவிலேயே இருக்க விரும்புகின்றனர். முற்காலத்தில் பழைய துணிகளையும் வைக்கோலையும் அணிந்து வீடுவீடாகச் சென்று ஆப்பிளும் கொட்டைகளும் கேட்டுப் பெற்றனர். இன்று இனிப்புகள் பெருகியபோதும், தோலுடன் கூடிய நிலக்கடலை இந்தப் பருவத்தில் ஐரிஷ் கடைகளில் தவறாமல் குவிக்கப்படுகிறது. விளக்கு ஏற்றிய வீட்டின் கதவை மட்டுமே தட்டுவது, இருண்ட வீட்டைக் கடந்துசெல்வது என்னும் எழுதப்படாத விதியைப் பிள்ளைகள் அறிவர். மழலைகள் இருட்டத் தொடங்கியவுடன் பெற்றோரின் கைபிடித்து வந்துசெல்ல, அவர்களுக்குப் பின் சற்றுப் பெரியவர்களும், கடைசியாகப் பதின்ம வயதினரும் வருகின்றனர். வாயிலில் நிற்கும் அண்டை வீட்டார், எந்த முகமூடிக்குள் யாருடைய பிள்ளை இருக்கிறது என்பதை உயரத்தைக் கொண்டே கண்டுபிடித்து, சிறியோரைக் கண்டால் நடுங்குவது போலவும், பெரியோரிடம் ஒரு பாட்டோ வேடிக்கைக் கதையோ கேட்டுவிட்டும் பண்டங்களைக் கொடுக்கின்றனர்.

(அடுத்த இதழில்: ஸ்காட்லாந்தில் பாட்டுப் பாடிப் பரிசு பெறும் பிள்ளைகள்)