பாவித்த வேகக் காரும் தீவகத்து உப்புக் காற்றும்

மோட்டார்க் கார் ஒன்று பழையதாக ஆக அதன் விலை இறங்கும். அதைப் பேணும் செலவு அவ்வாறு இறங்குவதில்லை. பாவித்த கார் வாங்குவோர் பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரணக் காரில் இதன் விளைவு சிறிதாகவே இருக்கும். வேகத்துக்கென்றே ஆக்கப்பட்ட காரிலோ அது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடக் கூடும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெருஞ் செல்வர் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த ஜேர்மானியக் கார் ஒன்று, இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில் நிற்கலாம். அதன் பிரேக் தட்டும் எரிபொருள் பம்பியும் காரின் வயதைப் பார்த்து விலை குறைவதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று ஊரார் சொல்வது இதற்கு நன்றாகவே பொருந்தும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளில், நாட்டில் ஏற்கனவே இருந்த கார்களே கைமாறிக் கைமாறிச் சென்றன. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய தீவகத்து ஊர்களில் பல குடும்பங்களுக்கு வெளிநாட்டில் உறவினர் உளர். அவர்கள் அனுப்பும் பணத்தில் கார் வாங்க எண்ணும் இளைஞனுக்கு வேகக் காரின் மீது கண் செல்வது இயல்பே. அவன் முதலில் அறியவேண்டியது, அந்த வேகம் எங்கிருந்து வருகின்றது என்பதை.

பெற்றோல் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகின்றது. பின்னர் தீப்பொறி அதனை எரிக்கின்றது. எவ்வளவு நெருக்குகின்றோமோ அவ்வளவுக்கு வலு கூடும். 1947 முதல் 1952 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 டெவன் காரில் இந்த நெருக்கம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. இக்கால வேகக் கார்கள் பலவற்றில் அது பத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். டர்போ பொருத்திய காரில், சிலிண்டருக்குள் போகுமுன்னரே காற்று அமுக்கப்பட்டுவிடுகின்றது. இவ்வாறு மிக நெருக்கப்பட்ட கலவை, தீப்பொறியால் எழும் சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடித்துவிடுவதுண்டு. இரும்பைச் சுத்தியலால் தட்டுவது போன்ற அந்த ஒலி நீடித்தால் பிஸ்டனே பிளந்துபோகும். இதனைத் தாங்கும் திறனையே ஒக்ரேன் எண் குறிக்கின்றது. 92, 95 என்று எரிபொருள் நிலையத்தில் எழுதியிருப்பது இதுவே. அதிக எண் உடைய பெற்றோல் ‘சத்து’ மிக்கது என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. அது அவசரப்படாத பெற்றோல், அவ்வளவே. ஏழுக்கு ஒன்று நெருக்கும் பழைய காருக்கு 95 ஊற்றுவதால் ஒரு பயனும் இல்லை. பத்துக்கு மேல் நெருக்கும் காருக்கு அதனைத் தவிர்த்தால் கேடு.

இந்த வேறுபாட்டை யாழ்ப்பாணத்தார் மிகக் கடினமான வகையில் கற்றுக்கொண்டனர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் குடாநாட்டு வீதிகளில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தைக் கிளப்பச் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பின்னால் வெண்புகையும் கரும்புகையும் எழும். ஆயினும் வண்டி ஓடும். இது வெறும் தந்திரமன்று. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட ஃபேர்குசன் ரி.ஈ.20 உழவு இயந்திரங்களுள் ஒரு வகை இம்முறையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. சிறிய தொட்டியில் பெற்றோல், பெரிய தொட்டியில் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய். குறைந்த நெருக்கமே இதற்கு இடம் கொடுத்தது. எரிபொருளைக் கணினியால் அளந்து தெளிக்கும் இக்கால வேகக் காரின் தொட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றினால், அது தன் வாழ்நாளின் இறுதிப் பயணத்தைத் தொடங்கிவிட்டதென்றே கொள்ளலாம்.

அந்தப் பழைய கார்களுக்கும் மண்ணெண்ணெய் இலவசமாக உழைக்கவில்லை. முழுவதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, அடியிலுள்ள இயந்திர எண்ணெயுடன் கலந்தது. எண்ணெய் நீர்த்தது, வளையங்கள் தேய்ந்தன, கரி படிந்தது. ஆனால் அக்கார்களின் இயந்திரத்தை மரநிழலில் வைத்துக் கழற்றிப் பூட்ட ஊர் மெக்கானிக்கால் முடிந்தது. பாகம் கிடைக்காதவிடத்து அதனைக் கடைந்து செய்யவும் முடிந்தது. அவை நீடித்தமைக்கு உறுதியைக் காட்டிலும் இந்த எளிமையே பெருங் காரணம் எனலாம்.

2022 இல் நாடு முழுவதும் வந்த எரிபொருள் தட்டுப்பாட்டைப் பலர் இன்னும் மறக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும், 95 ஒக்ரேன் 550 ரூபாவுக்கும் ஏறின. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீற்றர் என்று கொள்வோம். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சிறிய கார் அதற்கு 4 லீற்றர் குடிக்கும். அக்கால விலையில் 1,880 ரூபா. லீற்றருக்கு 7 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் வேகக் காருக்கு எட்டரை லீற்றருக்கு மேல் வேண்டும், அதுவும் 95. செலவு 4,700 ரூபாவைத் தாண்டும். வாரப் பங்கில் முன்னது ஐந்து முறை நகருக்குப் போய்வரும். பின்னது இரண்டு முறையே. இத்தனைக்கும் அதிவேகப் பாதை தவிர்ந்த வீதிகளில் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர்.

பெற்றோல் கண்ணுக்குத் தெரியும் செலவு. கண்ணுக்குத் தெரியாமல் காரைத் தின்பது உப்பு. பண்ணையிலிருந்து மண்டைதீவுப் பக்கமாக வேலணைக்குச் செல்லும் வீதியும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வீதியும் கடலை ஊடறுத்துச் செல்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவையில் வண்டிகள் கடலையே கடக்கின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல்நீர்த் திவலை காரின் அடிப்பாகம் வரை சென்று படியும். உப்பு ஈரத்தைக் காற்றிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலால் வெயில் காய்ந்தாலும் உப்புப் படிந்த இரும்பு முழுதும் உலர்வதில்லை. அங்கே துரு நின்று தொழில் செய்கின்றது. வேகக் காரில் எடையைக் குறைக்க அலுமினியப் பாகங்கள் பல உண்டு. அலுமினியமும் இரும்பும் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைந்து அரிக்கப்படும். பத்து நிமிடத்தில் கழற்றவேண்டிய ஓர் ஆணியைக் கழற்ற அரைநாள் செலவாவது இதனாலேயே. அந்த அரைநாட் கூலியும் பராமரிப்புச் செலவுதான்.

உப்பைக் கழுவிவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். கழுவலாம், எந்த நீரால் கழுவுவது என்பதே கேள்வி. தீவகத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்நீர். அந்நீரால் காரைக் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். நன்னீரோ சாட்டி போன்ற சில இடங்களிலிருந்து வண்டியில் ஏற்றிவரப்பட்டுக் குடத்தில் அளந்து பெறப்படுவது. குடிக்க நீர் தேடும் ஊரில், காரின் வயிற்றுக்கு நூறு லீற்றர் பீய்ச்சுவதற்கு மனம் ஒப்பாது. மழைக்காலத்தில் கூரை நீரைத் தொட்டியில் சேர்ப்பவர்கள் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். றேடியேற்றருக்குள் கிணற்று உவர்நீரை ஊற்றுவது அதனினும் பெரிய தீங்கு. ஒடுங்கிய குழாய்களில் சுண்ணாம்பு படியும், உட்புறம் அரிக்கும், ஒரு நாள் நடுவீதியில் இயந்திரம் கொதித்துத் தலைப்பாகம் வளையும். வடித்த நீரும் உரிய குளிர்த்திரவமும் வாங்கும் செலவு அதன்முன் ஒன்றுமில்லை.

வேகக் காரின் ஏனைய தேவைகளும் எளியவையல்ல. டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்லது. அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஐயாயிரம் ரூபா மிச்சம் பிடிப்பவர் டர்போவையே இழக்க நேரும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தீவுக் காற்றில் சொல்லவே வேண்டாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றவேண்டும். இயந்திரத்துக்குள் பற்பட்டி உள்ள கார்களில் குறித்த தூரத்தில் அல்லது குறித்த ஆண்டில் பட்டியை மாற்றாவிட்டால், அது அறுந்து வால்வுகள் பிஸ்டனில் மோதும். முன்னைய சொந்தக்காரர் அதனை மாற்றினாரா என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையெனின், மாற்றவில்லை என்று கொள்வதே அறிவு. ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் பார்த்தல் நன்று. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூக்கள் தேயாதிருந்தும் றப்பர் முதிர்ந்திருக்கலாம். பழைய பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை பேர்போன இடம். அங்கே ஒரு பாகம் கிடைக்கலாம். அது வந்து சேரும்வரை கார் கராஜில் நிற்கும், சொந்தக்காரர் பஸ்ஸில் போவார்.

நெடுந்தீவில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகின்றது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவுக்கு வாகனமும், அதற்குரிய எரிபொருளும் உதிரிப்பாகமும் கடல் கடந்தே வரவேண்டும். பவளக்கல் நிலத்தில், தரையோடு தாழ்ந்த வேகக் காரின் அடிவயிறு தப்புவது அரிது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் நீரும் புல்லும் இன்றி அவை படும் துன்பம் பலரும் அறிந்தது. இருநூறு குதிரை வலு என்று விளம்பரத்தில் காண்போர் அவற்றையும் ஒருகால் நினைத்துப் பார்க்கலாம்.

குறிகட்டுவானில் வாடகைக் கார் வைத்திருப்பவர் இவ்விடயத்தில் சிறந்த கணக்காளர். நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ படகில் வரும் நோயாளி ஒருவரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தால், கார் எவ்வளவு விரைந்து ஓடும் என்பதல்ல கேள்வி. திறப்பைத் திருப்பிய உடன் அது கிளம்புமா என்பதே. ஆகவே அவ்வகைக் கார்களுள் பெரும்பாலானவை சிறிய யப்பானிய இயந்திரம் உடையவை. பாகம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும். பழுது பார்ப்பவருக்கும் அவற்றின் உள்ளம் தெரியும்.

இன்னொரு வகைக் காரும் தீவகத்தில் உண்டு: ஆண்டில் பதினொரு மாதம் நிற்பது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வெளிநாட்டிலிருந்து வருபவர் ஓட்டுவதற்காக அது வாங்கி விடப்பட்டிருக்கும். ஓடாத கார் தேயாது என்று எண்ணுவது பிழை. பற்றரி இறக்கும்; பெற்றோல் பழுதாகிப் பிசின் போலாகும்; பிரேக் தட்டில் துரு பிடித்து இறுகும்; ரயர் நின்ற இடத்தில் தட்டையாகும். காப்புறுதியும் வருடாந்த வருமான அனுமதிப் பத்திரமும் ஓடினாலும் நின்றாலும் ஒன்றே. அக்காரை வைத்திருக்கத்தான் வேண்டுமெனின், வாரம் ஒருமுறை ஒருவர் அதனை ஐந்தாறு மைல் ஓட்டிவர ஏற்பாடு செய்வது நன்று. பிளாஸ்ரிக் உறையால் இறுக மூடுவது பலர் செய்யும் வழக்கம். அது உப்பீரத்தை உள்ளே அடைத்துவைக்கும். காற்று நுழைந்து வெளியேறும் கிடுகுக் கொட்டகை அதனிலும் நல்லது, செலவும் குறைவு.