பெயர் தெரியாத ஓவியர்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள பார்க்குவார் தெருவை நாம் அறிவோம். அது துணை ஆளுநர் ராபர்ட் பார்க்குவாரின் பெயர். வில்லியம் பார்க்குவார் வேறொருவர். 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிருவகித்தவர். இவர் சீன ஓவியர்களைக் கொண்டு மலாயாவின் விலங்குகள், பறவைகள், செடிகொடிகளை வரைவித்தார். அவை 477 ஓவியங்கள்.

புகைப்படம் இல்லாத அக்காலத்தில், தொலைநாட்டு அறிஞர்கள் நம் காட்டுயிர்களை இத்தகைய படங்களின் வழியாகவும் அறிந்தனர். நிறமோ உறுப்போ பிசகினால் ஓர் இனம் வேறோர் இனமாகத் தோன்றிவிடும் அல்லவா?

1993-இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்த இவற்றைக் கோ கியோக் கிம் வாங்கிச் சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். தொகுப்புக்குப் பார்க்குவாரின் பெயர் நிலைத்துவிட்டது. தூரிகை பிடித்தவர்களின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, நம் ஊர் ஓவியரின் கண்காட்சிக்குச் செல்லும்போது, படத்தோடு அதன் அடியிலுள்ள பெயரையும் படிப்போம்.